கொதிக்கிற சூப்பைக் ‘கூல்’ ஆக்காதீர்கள்

ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொண்டு கொரியத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுபவர்களைச் சறுக்கிவிடும் சொல் ஒன்று உண்டு: ‘ஷிவொன்ஹதா’. காற்று வீசினாலும் அதுதான். ஆவி பறக்கும் சூப்பை உறிஞ்சிவிட்டுச் சொல்வதும் அதுதான். முதுகைச் சொறிந்துவிட்டாலும், கடன் அடைந்தாலும், வில்லன் அடி வாங்கினாலும் அதே சொல். ஆங்கிலம் அதை இடத்துக்கு ஏற்ப கூல், ரெஃப்ரெஷிங், ரிலீவ்ட் என்று பிரித்துக்கொள்கிறது. அதில் ‘கூல்’ என்பதைக் கண்டதும் தமிழில் ‘குளிர்ச்சியா இருக்கு’ என்று போட்டுவிடுகிறோம். திரையில் கிண்ணம் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

அடைத்துக்கொண்டிருந்தது எதுவோ விலகிய உணர்வுதான் இந்தச் சொல்லின் உயிர். குளிர்ச்சி அதில் ஒரு வகை, அவ்வளவே. சோதித்துப் பார்க்க எதிர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். வெக்கைக்குச் சொல்லும் ‘தொப்தா’ எதிராக நிற்குமானால் தாராளமாகக் ‘குளுகுளுன்னு இருக்கு’ என்று எழுதலாம். மூச்சு முட்டுவதற்கும் மனம் புழுங்குவதற்கும் சொல்லும் ‘தப்தப்ஹதா’தான் எதிராக நிற்கிறது என்றால், குளிரை மறந்துவிடுங்கள்.

அடுத்தது எழுவாய். கொரியன் தெரியாதவர்கூடக் காதால் பிடிக்கலாம். ‘பராமி’ என்றால் காற்று, ‘குங்முரி’ என்றால் சூப்பின் சாறு. ‘சொகி’ என்று கேட்டால் பேசுவது வயிறு அல்லது மனம். பேச்சில் எழுவாய் பெரும்பாலும் விழுந்துவிடும். அப்போது படத்தைப் பார்க்காமல் வசனப் பட்டியலை மட்டும் வைத்து எழுதுவது ஆபத்து.

சோயா முளை, மட்டி, முள்ளங்கி போட்ட தெளிந்த சூப்புகளுக்குத்தான் இந்தப் பாராட்டு அதிகம் கிடைக்கும், அதிலும் மது குடித்த மறுநாள் காலையில். காரசாரமான மிளகு ரசம் தொண்டையில் இறங்கும்போது வரும் அந்த ‘அப்பாடா’தான் இது. ‘உள்ளே இதமா இறங்குது’ என்றால் போதும். பிடித்துவிட்ட தோளுக்கு ‘சுகமா இருக்கு’.

மனம் பேசும் இடத்தில் நம் மொழியே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. ‘மனசு குளிர்ந்துடுச்சு’ என்று எழுதத் தோன்றும். ஆனால் தமிழில் மனம் குளிர்வது நல்லதைக் கண்டு மகிழும்போது. கொரியச் சொல் சொல்வது தொல்லை ஒழிந்ததை. கடன் அடைந்தால் ‘நெஞ்சுப் பாரம் இறங்குச்சு’. வில்லன் மாட்டிக்கொண்டால், ‘இப்பத்தான் என் வயித்தெரிச்சல் அடங்குச்சு.’ இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது ‘ஷிவொன்ஷிவொன்ஹதா’ என்று இரட்டிக்கும். மூடி மழுப்பாத, சட்டென்று முடிவெடுக்கிற ஆள் என்று பொருள். இதைக் ‘கூலான ஆளு’ என்று எழுதினால் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர் ஆகிவிடுவார். அதற்குக் கொரியர்கள் ஆங்கிலத்திலிருந்தே எடுத்து ‘குல்ஹதா’ என்று தனியாக வைத்திருக்கிறார்கள். எதிர்மறையான ‘ஷிவொன்ச்சான்தா’வில் குளிரின் வாடையே இல்லை: வியாபாரம் டல், உடம்பு சுகமில்லை, பதில் திருப்தியாக இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் வருவது ‘ஷிவொன்சொப்சொப்ஹதா’. ஆங்கிலத்தில் ‘பிட்டர்ஸ்வீட்’ என்று இருக்கும். அதைப் பார்த்து ‘கசப்பும் இனிப்பும்’ என்று எழுத வேண்டாம். ‘பாரம் இறங்குச்சு, ஆனா வெறிச்சுன்னு இருக்கு.’

இடத்துக்கொரு சொல் என்ற இந்த வழி உடைவது சிலேடையில். கொரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய நகைச்சுவை: பொதுக் குளியலறையில் கொதிநீர்த் தொட்டிக்குள் இறங்கிய அப்பா ‘ஷிவொன்ஹதா’ என்கிறார்; தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று நம்பிக் குதித்த பையன் அலறுகிறான். இங்கே அப்பாவுக்கும் பையனுக்கும் ஒரே சொல் வேறுவேறாகப் பட வேண்டும். ‘சுகமா இருக்கு’ என்றால் பையன் ஏமாற வழியில்லை, ‘குளுகுளுன்னு இருக்கு’ என்றால் அப்பா பொய்யர். ‘இதமா இருக்குடா’ என்றால் அப்பா சொன்னதும் உண்மை, பையன் குதித்ததும் நியாயம்.