35 வயது லைன்மேனை அணியில் சேர்க்கலாமா?

2022 நவம்பர் 14 அன்று பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி அந்தப் பருவத்தின் முதல் தோல்வியைச் சந்தித்தது. எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த அணியை வாஷிங்டன் கமாண்டர்ஸ் 32-21 என்று வீழ்த்தியது. கவலைப்பட வைத்தது தோல்வியை விடத் தோற்ற விதம். வாஷிங்டன் 49 முறை பந்தை ஏந்தி ஓடியது. 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. ஈகிள்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்க வேண்டிய இளம் வீரர் ஜோர்டன் டேவிஸ் கணுக்கால் காயத்தால் ஆடவில்லை. அந்த வாரமே அணி இரண்டு பேரை ஒப்பந்தம் செய்தது: 34 வயது லின்வல் ஜோசப், 35 வயது நடாமுகாங் சூ. இருவரும் அதுவரை எந்த அணியிலும் இல்லாமல் இருந்தவர்கள்.

அமெரிக்கக் கால்பந்து பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒவ்வொரு ஆட்டத் துண்டும் பந்தைப் பின்னால் கொடுக்கும் ‘ஸ்னாப்’பில் தொடங்கி, பெரும்பாலும் ஐந்தாறு விநாடிகளில் முடிந்துவிடும். டிஃபென்சிவ் லைன்மேன் எதிரணியின் தடுப்பாளர்களோடு நேருக்கு நேர் மோதுபவர். ஓடி வருபவரின் வழியை அடைப்பது, பந்தை எறியவிருக்கும் குவார்ட்டர்பேக்கை எறியும் முன் வீழ்த்துவது என்று அவருக்கு இரண்டு வேலைகள். இந்த இரண்டாவதுக்குத்தான் ‘சாக்’ என்று பெயர். இரண்டு வேலைகளும் உடலிடம் கேட்பது ஒன்றல்ல. வயதான வீரரை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தசையின் மொத்த பலமும் அதன் வெடிப்புத் திறனும் வேறு வேறு. ஒரு பாரத்தை எவ்வளவு நேரமானாலும் தூக்கி முடிப்பது பலம். அதையே கால் விநாடியில் செய்வது திறன். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வயது முதலில் கை வைப்பது வேகத்தின் மீதுதான். விரைவாகச் சுருங்கும் தசை இழைகள், மெதுவாகச் சுருங்குபவற்றை விட முன்னதாக மெலியத் தொடங்குகின்றன. பளுதூக்குதல் சாதனைகளை வயது வாரியாக அடுக்கிப் பார்த்தாலே இது தெரியும். வேகமாகத் தலைக்கு மேல் தூக்கும் ஒலிம்பிக் வகையில், நிதானமாகத் தூக்கும் பவர்லிஃப்டிங் வகையை விடச் சரிவு வேகமாக இருக்கிறது.

வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பாளரைச் சுற்றிப் பாய்பவர் முதல் இரண்டு அடிகளின் வேகத்தை நம்பிப் பிழைப்பவர். அது சற்றுக் குறைந்தாலும் அவர் வந்து சேரும்போது பந்து எறியப்பட்டிருக்கும். நடுவில் நிற்பவர் கதை வேறு. சுமார் 140 கிலோ எடையுள்ள இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது நகராமல் நிற்பதுதான் அவர் வேலை. அதற்கு எடை வேண்டும், பலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இடுப்பையும் தோளையும் எதிராளியை விடத் தாழ்வாக வைத்திருக்கும் பழக்கம் வேண்டும். தாழ்வாக நிற்பவரைத் தூக்கித் தள்ள முடியாது. இந்தப் பழக்கம் முப்பத்தைந்தில் தேய்வதில்லை.

தேயாததோடு, ஒன்று வளரவும் செய்கிறது. ஸ்னாப்புக்கு முன் எதிரே குனிந்திருக்கும் தடுப்பாளரின் கையைப் பாருங்கள். முன்னால் பாயப் போகிறவர் எடையை விரல்களில் இறக்கியிருப்பார். விரல் முட்டிகள் வெளுத்துத் தெரியும். குவார்ட்டர்பேக்கைக் காக்கப் பின்வாங்கப் போகிறவர் குதிகாலில் அமர்ந்திருப்பார். விரல்கள் புல்லை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். பத்தாண்டுகளுக்கு மேல் இதைப் பார்த்தவர், பந்து அசையும் முன்பே பாதி பதிலைக் கையில் வைத்திருக்கிறார். தசை இழந்த நேரத்தில் ஒரு பங்கைக் கண் மீட்டுக் கொடுக்கிறது. ஒரு பங்கைத்தான், முழுவதையும் அல்ல.

இனி எத்தனை ஸ்னாப் ஆட வைப்பது என்ற விஷயம். இதைத்தான் அணிகள் மற்ற எல்லாவற்றையும் விடக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஐந்தாறு விநாடி முழு மூச்சு மோதலுக்கு எரிபொருள், தசையில் சேமித்திருக்கும் பாஸ்போகிரியேட்டின். அது பாதியளவு மீளவே ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும். அடுத்த ஸ்னாப்போ 40 விநாடிக்குள் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு ஸ்னாப் தொடர்ந்தால் யாருக்கும் கடன் ஏறும். மூத்தவருக்கு அதே ஸ்னாப்பில் இழப்பதற்கு மிச்சம் குறைவு. அதனால்தான் அவரை மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். ஜூலியஸ் பெப்பர்ஸ் 2017இல் தன் பழைய அணியான கரோலினா பேந்தர்ஸுக்குத் திரும்பி, 37 வயதில், சுழற்சி முறையில் ஆடி 11 சாக் எடுத்தார்.

எதிரணிக்கும் இது தெரியும். அவர்கள் கூடிப் பேசாமல், ஆளையும் மாற்றாமல் அடுத்தடுத்து ஸ்னாப் எடுக்க ஆரம்பித்தால், மூத்தவரை வெளியே அழைக்க நேரம் கிடைக்காது. களத்திலேயே சிக்கிக்கொள்வார்.

மூட்டுகளின் கணக்கு தனி. குருத்தெலும்புக்கு ரத்த நாளம் இல்லாததால் தேய்ந்தது எளிதில் ஆறுவதில்லை. குதிகால் தசைநார் அறுவது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் ஆண்களிடம்தான் அதிகம். நவம்பரில் ஒருவரை எடுப்பதில் உள்ள நன்மை, ஜூலை பயிற்சி முகாமிலிருந்து விழுந்திருக்க வேண்டிய அடிகள் அவர் மீது விழவில்லை என்பது. பணமும் தடையில்லை. குறைந்தது நான்கு பருவங்கள் ஆடியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்தால், இரண்டாண்டு அனுபவக்காரரின் சம்பளமாகவே அதை அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பில் எழுத விதி இடம் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. புரூஸ் ஸ்மித் பஃபலோ அணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, 36 வயதில் வாஷிங்டனுக்குப் போய், அங்கே 29 சாக் எடுத்து, மொத்தம் 200 சாக் என்ற சாதனையோடு முடித்தார். அவரைக் காட்டி எல்லோரையும் எடை போடக் கூடாது. அந்த வயதில் களத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவர்கள். முடங்கிப் போனவர்கள் கணக்கில் வருவதே இல்லை. ரெஜி ஒயிட் 1998இல் 16 சாக் எடுத்து ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். ஓராண்டு ஓய்வுக்குப் பிறகு 2000இல் திரும்பியபோது கிடைத்தது ஐந்தரை. சரிவு எப்போதும் படிப்படியாக வருவதில்லை.

ஈகிள்ஸ் இறுதிப்போட்டிவரை போனது. அங்கே கன்சாஸ் சிட்டி 158 யார்டு ஓடியது. பருவத்தில் 70 சாக் எடுத்த ஈகிள்ஸ், அன்று ஒன்றுகூடக் கிடைக்காமல் 38-35 என்று தோற்றது. ஆனாலும் அந்த நவம்பர் ஒப்பந்தங்கள் சரியானவை என்பதே என் கருத்து. நடுவில் நிற்பவர்கள், சுழற்சியில் ஆட இடமுள்ள வரிசை, சில மாதப் பொறுப்பு. இதே இருவரை மார்ச் மாதத்தில் மூன்றாண்டு உறுதிப் பணம் கொடுத்து, ஓரத்திலிருந்து பாயச் சொல்லி எடுத்திருந்தால் எதிர்த்திருப்பேன். ஒப்பந்தத்துக்கு முன் ஒரே ஒரு காணொலி பார்க்க விட்டால், அவருடைய சாக் தொகுப்பைக் கேட்க மாட்டேன். கடைசிக் கால்பகுதியில், ஒரு நீண்ட தாக்குதலின் பத்தாவது ஸ்னாப்பில், அவர் தோள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்பேன்.