மனக்காயம் எப்போதும் பயமாக வெளிப்படுவதில்லை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. பின்வந்த மாதங்களில் டெல்டாப் பகுதியிலிருந்து ஆலோசனைக்கு அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் பலரைக் குறித்துப் பெற்றோர் சொன்ன குறைகளில் புயல் இடம்பெறவே இல்லை. படிப்பில் கவனமில்லை, எதற்கெடுத்தாலும் கத்துகிறான், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது என்றே பேச்சு தொடங்கும். இவற்றை மட்டும் கேட்டால் ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் கொண்ட கோளாறு) என்று எழுதிவிடத் தோன்றும், "எப்போதிலிருந்து?" என்று கேட்டால்தான் புயல் இரவு பேச்சுக்குள் வரும்.

கேள்விகளுக்கு வாய் திறக்காத சிறுமி ஒருத்தி, கட்டைகளால் வீடு கட்டி, அதன்மேல் துணியைப் போர்த்தி, இழுத்துச் சரித்தாள். அமர்வு முழுவதும் அதே ஆட்டம், முகத்தில் சிரிப்பே இல்லை. சிறு குழந்தைகளிடம் மகிழ்ச்சியற்றுத் திரும்பத் திரும்ப நிகழும் இத்தகைய விளையாட்டு, வாய்மொழியைவிட நம்பகமான தடயம். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மனநோய்களைக் கண்டறிய உதவும், 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடு மனக்காயத்தால் வரும் நோய்க்கெனத் தனி அளவுகோல்களை வகுத்தது இதனால்தான். பேரிடரை அடுத்த சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் தாயை விட்டு நகராதிருப்பதும் இயல்பே. கெட்ட கனவு, நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், எரிச்சல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் நோயாகக் கருதுகிறோம். பதின்பருவத்தினரைத் தனியாகச் சந்தித்து, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்க வேண்டும்.

"பயந்திருக்கிறான்" என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதை நான் தடுப்பதில்லை. தாயின் மனம் ஆறினால் அதுவும் பிள்ளைக்கு நல்லதே. அதை நம்பிச் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் சிக்கல். அதேபோல், நடந்ததையெல்லாம் உடனே சொல்லச் சொல்லி நெருக்குவதும் உதவாது. பிள்ளையையும் பெற்றோரையும் சேர்த்து, அந்த நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சையே முதல் தேர்வு. மருந்து அதற்குப் பிறகுதான்.

மீண்டெழும் திறனைப் பிறவிக் குணமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, குடும்பப் பூசல் முதலிய பல இடர்களுக்கு நடுவே பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்தனர். பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, அன்பு மாறாத பெரியவர் ஒருவரின் துணை அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது. பள்ளியை விரைவில் திறப்பதும், சாப்பாடும் தூக்கமும் பழைய நேரத்துக்குத் திரும்புவதும் சிகிச்சையின் பகுதிகளே. தென்னந்தோப்பு சாய்ந்ததிலிருந்து தந்தை இரவெல்லாம் விழித்திருக்கும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை அளித்துப் பயனில்லை. ஆகவே முதல் சந்திப்பிலேயே பெற்றோரின் தூக்கத்தையும் குடிப்பழக்கத்தையும் விசாரிக்கிறோம், நேரில் வர இயலாதவர்களுக்கு அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எழுதிக் கொடுக்கிறோம்.