மூப்பின் நிழலில் ஒளியும் சிறுநீரக நோய்கள்

எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவரின் இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு கூடியிருப்பது தெரியவந்தால், அதற்கான காரணத்தைத் தேடி யாரும் நெடுந்தூரம் போவதில்லை. பல்லாண்டு கால நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரண்டும் இல்லையென்றால் வயது என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அந்த விடை பொருந்திவிடுவதால்தான், பொருந்தாத ஒருவர் கண்ணில் படாமல் போய்விடுகிறார். அரிய சிறுநீரக நோய்களில் சில, இளம் வயதினரைவிட முதியோரையே அதிகம் தாக்குபவை. அவற்றுள் சிலவற்றைச் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும், தாமதித்தால் டயாலிசிஸ்தான் மிஞ்சும்.

மூப்பு சிறுநீரகத்துக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் குளோமெருலஸ் எனப்படும் நுண்குழாய் முடிச்சு ஒன்று இருக்கிறது. இந்த முடிச்சுகள் அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு வடிகட்டும் திறன் ஆண்டுக்கு நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற அளவில் மெல்லக் குறைந்துகொண்டே வருவது பலரிடமும் காணப்படும் இயல்பு. ஆனால் மூன்றே வாரத்தில் அந்தத் திறனைப் பாதியாக்குவது மூப்பின் வேலையன்று. சிறுநீரில் இரத்தச் சிவப்பணுக்களைக் கொட்டுவதும், நாளொன்றுக்கு மூன்று நான்கு கிராம் புரதத்தை ஒழுகவிடுவதும் அதன் வேலையன்று.

இங்கே கிரியேட்டினின் நம்மை ஏமாற்றவும் கூடும். அது தசையிலிருந்து உருவாகும் கழிவு என்பதால், தசை வற்றிய முதியவரின் உடலில் குறைவாகவே உருவாகிறது. ஆய்வக அறிக்கையில் இயல்பு என்றோ இயல்பை ஒட்டியது என்றோ குறிக்கப்படும் டெசிலிட்டருக்கு 1.1 மில்லிகிராம், 80 வயதுப் பெண்ணைப் பொறுத்தவரை நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் அளவிலான வடிதிறனைத்தான் காட்டுகிறது. மிகவும் மெலிந்தவர்களிடம் உண்மை நிலை அதனினும் மோசமாக இருக்கலாம். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளந்து பார்ப்பது இத்தகையோருக்கு உதவும். எனினும் ஒரு நாளின் எண்ணைவிட, பழைய அறிக்கைகளைத் தேடியெடுத்து வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். சரிவு ஆண்டுக்கணக்கில் நடந்ததா, வாரக்கணக்கில் நடந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்த தடயம் சிறுநீரிலேயே இருக்கிறது. குளோமெருலஸின் சுவரைப் பிதுங்கிக் கடந்து வரும் சிவப்பணுக்கள் உருக்குலைந்து காணப்படும்; அவை சிறுகுழாய்களுக்குள் வார்ப்புப்போல் திரண்டு உருளை வடிவில் வெளிவருவதும் உண்டு. நுண்ணோக்கியில் இவற்றைக் கண்டால், இரத்தம் சிறுநீர்ப்பையிலிருந்தோ புராஸ்டேட்டிலிருந்தோ வரவில்லை, சிறுநீரகத்தின் உள்ளிருந்தே வருகிறது என்று பொருள். இவ்வளவு மலிவான, இவ்வளவு பழைய பரிசோதனை இவ்வளவு அலட்சியப்படுத்தப்படுவது எனக்கு எப்போதும் வியப்பே.

இப்படிப்பட்ட சிறுநீரும் வேகமாக ஏறும் கிரியேட்டினினும் ஒருசேர அமைந்தால், முதலில் ஐயுற வேண்டியது ஆன்கா வாஸ்குலைட்டிஸ் எனப்படும் இரத்தக்குழாய் அழற்சியை. 65 முதல் 75 வயது வரையுள்ளோரிடையே மிகுதியாகத் தோன்றும் நோய் இது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் உள்ளே இருக்கும் இரு நொதிகளுக்கு எதிராக உடல் தானே எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்கிறது. அவை பற்றியதும் வெள்ளையணுக்கள் வெகுண்டு நுண்குழாய்களின் சுவரைத் தாக்கிக் கிழிக்கின்றன. கிழிசல் வழியே கசியும் இரத்தப் பொருள்களைச் சுற்றிச் செல்கள் பெருகிக் குவிந்து, பிறைநிலா வடிவில் முடிச்சை நெரிக்கின்றன. தொடக்கத்தில் தென்படுபவை சோர்வு, எடை குறைதல், லேசான காய்ச்சல், மூட்டு வலி, மூக்கில் இரத்தம் கலந்த பொருக்கு, விடாத இருமல் போன்றவை மட்டுமே. இவற்றுள் எதுவும் முதுமையில் புதிதன்று என்பதால், நோய்த்தொற்று என்று கருதி ஆன்டிபயாட்டிக் மாற்றி ஆன்டிபயாட்டிக் கொடுப்பதிலேயே அருமையான வாரங்கள் கழிந்துவிடுகின்றன. இரத்தத்தில் ஆன்கா எதிர்ப்பொருளைச் சோதிப்பதும், நுரையீரலில் இரத்தக் கசிவு உண்டா என்று பார்ப்பதும் அன்றன்றே நடக்க வேண்டியவை. ஐயம் வலுவாக இருந்தால், திசுப்பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவதும் உண்டு.

வேறொரு முதியவருக்கு இரத்தப்போக்கு எதுவும் இராது. கால்கள் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் ஒழுகும் இந்த நிலைக்குப் பின்னால் பல நோய்கள் நிற்கக்கூடும். சவ்வு தடிக்கும் வகையான மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி அவற்றுள் ஒன்று. அதன் முதன்மை வகையில் பெரும்பாலோரிடம் காணப்படும் எதிர்ப்பொருள் 2009இல் கண்டறியப்பட்ட பிறகு, சிறுநீரகச் செயல்பாடு இயல்பாக இருக்கும் சிலருக்கு இரத்தப் பரிசோதனையே போதும், ஊசியால் திசு எடுக்கத் தேவையில்லை என்ற நிலை வந்திருக்கிறது. ஆயினும் முதியோரிடம் இந்நோயின் பின்னணியில் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பதால் அதையும் தேட வேண்டும்.

மிகவும் நுட்பமாக ஒளிந்துகொள்வது ஏ.எல். அமிலாய்டோசிஸ். எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களின் ஒரு கூட்டம், எதிர்ப்பொருளின் ஒரு பகுதியான இலகு சங்கிலி என்ற புரதத்தை ஒரே வகையாக ஓயாமல் உற்பத்தி செய்கிறது. அது தவறாக மடிந்து அமிலாய்டு எனப்படும் நார்களாகச் சிறுநீரகத்திலும் இதயத்திலும் நரம்பிலும் படிகிறது. உயர் இரத்த அழுத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை உட்கொண்டவர் திடீரென்று மாத்திரையே தேவைப்படாத நிலைக்கு வருவது, நாக்கு தடிப்பது, இரு மணிக்கட்டுகளிலும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவது, கண்ணைச் சுற்றி ஊதாநிறக் கன்றல் தோன்றுவது ஆகியவை தனித்தனி மருத்துவர்களிடம் தனித்தனிக் குறைகளாகச் சொல்லப்பட்டிருக்கும். அவற்றை ஒன்றாகக் கோத்துப் பார்த்தவர் எவரும் இருந்திருக்கமாட்டார்.

சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டை ஆல்புமினை மட்டுமே நன்கு காட்டும். இலகு சங்கிலிகளைக் காட்டாது. மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயில் இலகு சங்கிலிகள் சிறுகுழாய்களை அடைத்துச் சிறுநீரகத்தை முடக்கும்போது, பட்டை ஏறக்குறைய நிறம் மாறாமலேயே இருக்கலாம். அதே சிறுநீரில் மொத்தப் புரதத்தை அளந்தால் ஏராளமாக இருக்கும். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. எனவே காரணம் புரியாத சிறுநீரகப் பழுதுள்ள முதியவருக்கு இரத்தத்தில் இலகு சங்கிலி அளவையும், புரதங்களை மின்புலத்தில் வகைபிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் பரிசோதனையையும் பார்ப்பது அவசியம்.

அந்தப் பரிசோதனையில் ஒற்றைவகைப் புரதம் அகப்பட்டவுடன் குற்றவாளி கிடைத்துவிட்டதாக எண்ணிவிடவும் கூடாது. எழுபதைக் கடந்தோரில் ஏறத்தாழ நூற்றில் ஐவரிடம் அத்தகைய புரதம் எத்தீங்கும் செய்யாமல் இருக்கிறது. அது வெறும் வழிப்போக்கனா, சிறுநீரகத்தைக் கெடுப்பது அதுவேதானா என்பதைத் திசுவே சொல்ல வேண்டும்.

1951இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த இரு மருத்துவர்கள் ஊசிவழிச் சிறுநீரகத் திசுப்பரிசோதனையை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். இன்று அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, முதுகுப்புறம் மரத்துப்போகச் செய்து, நூலிழை போன்ற இரண்டு மூன்று திசுத்துண்டுகளை எடுக்கிறார்கள். வயது மட்டுமே இதற்குத் தடையன்று. கட்டுப்படாத இரத்த அழுத்தம், இரத்தத்தை இளக்கும் மருந்துகள், சுருங்கிப்போன சிறுநீரகம் ஆகியவையே யோசிக்க வைப்பவை. எடுத்த திசுவைச் சாதாரண நுண்ணோக்கியிலும், ஒளிரும் சாயமேற்றியும், மின்னணு நுண்ணோக்கியிலும் ஆராய்கின்றனர். காங்கோ சிவப்புச் சாயமிட்டு முனைவாக்கப்பட்ட ஒளியில் பார்க்கும்போது ஆப்பிள் பச்சை நிறம் மின்னினால் அமிலாய்டு உறுதியாகிறது. அதோடு நில்லாமல் அது எந்தப் புரதத்தாலானது என்றும் பிரித்தறிய வேண்டும். முதியோரின் இதயத்தில் படியும் டிரான்ஸ்தைரெட்டின் வகைக்கு மஜ்ஜைக்கான கீமோதெரபியைக் கொடுப்பது பயனற்றது மட்டுமன்று, ஆபத்தும்கூட. தழும்பேறிய முடிச்சுகளை எண்ணும்போதும் வயதைக் கழித்தே கணக்கிட வேண்டும்: வயதில் பாதியிலிருந்து பத்தைக் கழித்தால் கிடைக்கும் விழுக்காடு வரை தழும்பு இருப்பதை இயல்பு என்று கொள்வது நோய்க்குறியியலாளர்களின் பழைய தோராயக் கணக்கு. அதன்படி 80 வயதில் 30 விழுக்காடு.

சிகிச்சையில் முதியோருக்கு எதிரிகள் இரண்டு: நோய் ஒன்று, மருந்து மற்றொன்று. வாஸ்குலைட்டிஸ் தொடங்கிய முதல் ஆண்டில் நோயைவிட நோய்த்தொற்றே அதிகம் பேரைக் கொல்கிறது. ஆகவே சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவிலிருந்து 60 வயதுக்கு மேல் 12.5 ஆகவும், 70 வயதுக்கு மேல் 10 ஆகவும் குறைக்கிறார்கள். வடிதிறன் மிகவும் குன்றியிருந்தால் மேலும் குறைப்பார்கள். அதற்குப் பதிலாக ரிட்டுக்ஸிமாப் கொடுப்பதும் இப்போது வழக்கம். அதற்கு முன் மறைந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்று உண்டா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டீராய்டை விரைவாகக் குறைத்தாலும் பலன் குன்றுவதில்லை, கடுமையான தொற்றுகளோ குறைகின்றன என்று 2020இல் வெளியான பெக்ஸிவாஸ் என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஏ.எல். அமிலாய்டோசிஸுக்கு, பிளாஸ்மா செல்களைக் குறிவைக்கும் டாராட்டுமுமாப், போர்ட்டெஸோமிப் ஆகியவற்றை உள்ளடக்கிய கூட்டுச் சிகிச்சை முதன்மை இடம் பெற்றுள்ளது. இலகு சங்கிலியின் அளவு வாரங்களில் சரிந்தாலும், சிறுநீரகம் மீள மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

மருந்தும் எதிரியாவதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு, சிறுநீரில் புரதத்தை ஒழுகவிடும் மினிமல் சேஞ்ச் நோய் முதியோரிடம் தோன்றுவது. குழந்தைகளிடம் நான்கு வாரங்களில் ஸ்டீராய்டுக்கு அடங்கிவிடும் அதே நோய், பெரியவர்களிடம் 16 வாரங்கள்வரை இழுக்கலாம். அந்தக் காலத்தில் நீரிழிவு, எலும்புத் தேய்வு, மனக்குழப்பம் ஆகியவற்றையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டியிருக்கிறது. திசுவில் பெரும்பாலான முடிச்சுகள் தழும்பேறி, அழற்சி அடங்கிவிட்டதாகத் தெரிந்தால், நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டு டயாலிசிஸுக்கு ஆயத்தமாவதா, டயாலிசிஸ் இல்லாமல் மூச்சுத்திணறலையும் அரிப்பையும் வீக்கத்தையும் தணிக்கும் பராமரிப்பைத் தொடர்வதா என்பதை மருத்துவர் நோயாளியோடும் குடும்பத்தோடும் அமர்ந்து பேசி முடிவெடுக்கிறார். அந்தப் பேச்சில் வைக்கத் தேவையான உண்மை விவரங்களைத் தருவதும் அதே நூலிழைத் திசுதான்.