ஊரில் பேங்க் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்கத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எஃப்பார்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் வருமான வரியை ஒழுங்காகக் கட்டுகிறார்கள். ஆனால் சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் பேங்க் கணக்குகளைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது. அந்த அறிக்கையின் பெயர் எஃப்பார் (FBAR). இதற்காக வரி எதுவும் கட்ட வேண்டாம். தகவல் கொடுத்தால் போதும். ஆனால் கொடுக்காமல் விட்டால் வரும் அபராதம், கட்டாமல் விட்ட வரியைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடலாம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

1970-ல் வந்த வங்கி ரகசியச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஒரு காலண்டர் வருடத்தில் ஏதாவது ஒரு நாளில் உங்கள் வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால், எல்லாக் கணக்குகளையும் தெரிவிக்க வேண்டும். குடியுரிமை பெற்றவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, எச்1பி வேலை விசாவில் வந்து வரிச் சட்டப்படி ‘ரெசிடென்ட்’ (வரி விஷயத்தில் அமெரிக்காவில் வசிப்பவர்) ஆகிவிட்டவர்களும் இதில் அடக்கம். எஃப்1 விசாவில் படிக்கும் மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு ரெசிடென்ட்டாகக் கருதப்பட மாட்டார்கள். படிப்பு முடிந்து வேலை விசாவுக்கு மாறும் வருடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

10,000 டாலர் என்றால் ஏறக்குறைய ஒன்பது லட்சம் ரூபாய். ஒரு எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டாலே எட்டிவிடுகிற தொகை. பல பத்தாண்டுகளாக இந்த வரம்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவே இல்லை. அபராதத்தை மட்டும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறார்கள். தெரியாமல் விட்டதற்கான உச்ச அபராதம் சட்டத்தில் 10,000 டாலராக இருந்தது, இப்போது 16,000 டாலரைத் தாண்டிவிட்டது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரிய பணத்தை ஒளிப்பவர்களைப் பிடிக்கப் போட்ட வலையில், அம்மாவின் மருத்துவச் செலவுக்குப் பணம் போட்டு வைத்திருப்பவர்கள் சிக்குகிறார்கள்.

மதிப்பைக் கணக்கிடும் முறையும் பலரைக் குழப்புகிறது. ஒவ்வொரு கணக்கிலும் அந்த வருடத்தில் இருந்த அதிகபட்சத் தொகையைத் தனித்தனியாக எடுத்துக் கூட்ட வேண்டும். சேவிங்ஸ் கணக்கில் இருந்த 6 லட்சத்தை எடுத்து அதே வருடத்தில் எஃப்டி போட்டால், இரண்டிலும் 6 லட்சம் என்று கணக்காகி 12 லட்சம் ஆகிவிடும். உங்களிடம் உண்மையில் இருப்பது 6 லட்சம்தான் என்றாலும் எஃப்பார் கொடுத்தாக வேண்டும். டாலருக்கு மாற்ற, அமெரிக்கக் கருவூலத் துறை டிசம்பர் 31-க்கு வெளியிடும் மாற்று விகிதத்தைப் பயன்படுத்த வேண்டும்.

எவையெல்லாம் கணக்கில் வரும்? என்ஆர்இ, என்ஆர்ஓ (இரண்டும் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்), எஃப்டி, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட், சரண்டர் மதிப்பு உள்ள எல்ஐசி பாலிசி எல்லாம் வரும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கையும் சேர்த்தே காட்டிவிடுவது நல்லது. உங்கள் பெயரில் நேரடியாக இருக்கும் வீடு, நிலம், பேங்க் லாக்கரில் இருக்கும் நகை ஆகியவை வராது.

மிக அதிகமாகத் தவறவிடப்படுவது பெற்றோருடன் சேர்ந்து வைத்திருக்கும் ஜாயிண்ட் கணக்கு. அப்பா தவறிய பிறகு அம்மா கணக்கில் ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று மகன் அல்லது மகள் பெயரைச் சேர்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதில் ஒரு ரூபாய்கூட உங்களுடையது இல்லாவிட்டாலும், கையெழுத்துப் போடும் உரிமை இருந்தாலே அந்தக் கணக்கைத் தெரிவிக்க வேண்டும், அதுவும் பாதியை அல்ல, முழுத் தொகையையும். நாமினியாக மட்டும் பெயர் இருந்தால் இது பொருந்தாது. பணமும் வட்டியும் உண்மையில் அம்மாவுடையது என்றால் அந்த வட்டிக்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை.

உங்கள் சொந்தப் பணத்தின் வட்டி வேறு விஷயம். என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அமெரிக்காவிலும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் வரி உண்டு. அந்த வருமானத்தை வருடாந்திர வரி ரிட்டர்னான 1040 படிவத்தில் காட்ட வேண்டும். அதோடு அந்தப் படிவத்தின் இணைப்பான ஷெட்யூல் பி-யில் ‘வெளிநாட்டில் கணக்கு உண்டா?’ என்று ஒரு கேள்வி வரும். மென்பொருளில் வேகமாக ‘இல்லை’ என்று தட்டிவிடாதீர்கள். வேண்டுமென்றே மறைத்தார் என்று காட்ட அந்த ஒரு பதிலை நீதிமன்றங்கள் ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. வேண்டுமென்றே மறைத்தது என்று ஆகிவிட்டால் அபராதம் 1,00,000 டாலர் (இதுவும் விலைவாசிப்படி உயர்ந்துவிட்டது) அல்லது கணக்கில் இருந்த தொகையில் பாதி, இரண்டில் எது அதிகமோ அதுவரை போகும்.

‘ஊரில் இருக்கும் கணக்கு இவர்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்கு விவரங்களைப் பெறுவதற்கான ஃபாட்கா என்ற அமெரிக்கச் சட்டத்துக்காக இந்தியாவும் அமெரிக்காவும் 2015 ஜூலையில் ஒப்பந்தம் போட்டன. அதன்படி இந்திய வங்கிகள் தரும் விவரம் இந்திய வருமான வரித் துறை வழியாக அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்-க்குப் போகிறது. கேஒய்சி புதுப்பிக்கும்போது வரி செலுத்தும் நாடு எது என்று கேட்பது இதற்காகத்தான். ஃபாட்காவுக்காக வரி ரிட்டர்னுடன் இணைக்கும் 8938 படிவம் தனி. அமெரிக்காவில் வசிக்கும் தனிநபருக்கு அதன் வரம்பு வருடக் கடைசி நாளில் 50,000 டாலர் அல்லது வருடத்தில் எப்போதாவது 75,000 டாலர். ஒன்றைக் கொடுத்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

அபராதத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதிலேயே பெரிய வழக்கு நடந்தது. அலெக்ஸாண்ட்ரு பிட்னர் என்ற ருமேனிய-அமெரிக்கத் தொழிலதிபர் 2007 முதல் 2011 வரை ஐந்து வருடத்துக்கு எஃப்பார் சரியான நேரத்தில் கொடுக்கவில்லை. ஐஆர்எஸ் 272 கணக்குகள் என்று எண்ணி, ஒன்றுக்கு 10,000 வீதம் 27.2 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், தெரியாமல் செய்த தவறுக்கு அபராதம் அறிக்கைக்கு ஒன்றுதான், கணக்குக்கு ஒன்று அல்ல என்று தீர்ப்பளித்தது. 27.2 லட்சம் 50,000 டாலராகக் குறைந்தது. ஏழெட்டு எஃப்டி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது உண்மையான நிம்மதி.

சரி, இதுவரை கொடுக்கவில்லை என்றால் என்ன செய்வது? வருமானம் முழுவதையும் காட்டி வரி கட்டிவிட்டு எஃப்பார் மட்டும் விட்டிருந்தால், தாமதத்துக்கான காரணத்தை எழுதி விட்டுப்போன அறிக்கைகளைக் கொடுக்கும் வழி இருக்கிறது. பொதுவாக அபராதம் வராது. வட்டி வருமானமும் விட்டுப்போயிருந்தால் ‘ஸ்ட்ரீம்லைன்டு’ முறை இருக்கிறது: மூன்று வருட ரிட்டர்னைத் திருத்தி, ஆறு வருட எஃப்பார் கொடுத்து, தெரியாமல் நடந்தது என்று கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வெளிநாட்டுச் சொத்து மதிப்பில் 5 சதவீதம் அபராதம் உண்டு. வெளிநாட்டில் வசிப்பதற்கான நிபந்தனையைப் பூர்த்தி செய்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஐஆர்எஸ் உங்கள் ரிட்டர்னைத் தணிக்கைக்கு எடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். பழையதைச் சொல்லாமல் இந்த வருடத்திலிருந்து மட்டும் சத்தமில்லாமல் கொடுக்கத் தொடங்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வெளிநாட்டுக் கணக்குகளில் அனுபவம் உள்ள சிபிஏ (அமெரிக்காவில் உரிமம் பெற்ற கணக்காளர்) அல்லது வரி வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள்.

எஃப்பாரை வரி ரிட்டர்னுடன் அனுப்ப முடியாது. அமெரிக்கக் கருவூலத் துறையின் கீழ் இயங்கும் ஃபின்சென் அமைப்பின் இணையதளத்தில் 114 படிவமாகக் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. கெடு ஏப்ரல் 15. தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு கிடைக்கும், விண்ணப்பம் தேவையில்லை. கணக்கு விவரங்களை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர் வங்கிகளின் முந்தைய வருட ஸ்டேட்மெண்டை இறக்கி வைத்துக்கொண்டால் அதிகபட்சத் தொகையைத் தேடி அலைய வேண்டியிருக்காது.