எலும்பைக் கரைப்பது கால்சியம் குறைவு மட்டுமல்ல

மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு ஏன் மெலிகிறது என்று கேட்டால், "கால்சியம் குறைஞ்சிடுச்சு" என்பதுதான் வீட்டுக்கு வீடு கிடைக்கும் பதில். அது பாதி உண்மைதான். கால்சியம் வெறும் சரக்கு; அதைப் பூசும் வேலை, பெயர்க்கும் வேலை இரண்டும் ஹார்மோன் சொல்படி நடப்பவை.

வளர்ந்த பிறகும் எலும்பு சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பில் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து தாது உப்பைக் கரைத்து, நொதியால் எலும்பின் நார்ப் புரதமான கொலாஜனை அரித்துக் குழி பறிக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் பின்னால் வந்து நிரப்புகின்றன. பறிக்க இரண்டு மூன்று வாரம், நிரப்ப மூன்று நான்கு மாதம். நம்மூர் சாலைப் பள்ளத்தின் கதைதான்.

இந்தத் தோண்டலுக்குக் கடிவாளம், சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். தோண்டும் செல்களை உருவாக்கும் 'ரேங்க்-எல்' என்ற புரதத்தை அது அடக்கி வைக்கிறது. அந்தச் செல்களின் ஆயுளையும் குறைக்கிறது. சினைப்பை ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் சரிந்ததும் ஒரே நேரத்தில் பல இடங்களில் ஆழமாகக் குழி விழுகிறது. கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பிருந்து ஈராண்டு பின்வரை வேகம் அதிகம்: முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் இறங்கும். பிறகு வேகம் தணியும்.

முதுகெலும்பு முதலில் அடிபடுவதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கும் கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னல். அதன் மெல்லிய கம்பி ஒன்று முழுதாக அறுந்துவிட்டால், மறுபடி பூசுவதற்கு அங்கே பரப்பே மிஞ்சாது. இழப்பை முழுதாக மீட்க முடியாததன் சூட்சுமம் இங்கேதான்.

இதெல்லாம் பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் நகர்ந்துவிட வேண்டாம். 1994ல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். உயரம் 204 செ.மீ.; இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி மரபணுப் பிழையால் வேலை செய்யவில்லை. எலும்போ மெலிந்து கிடந்தது. ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்பது அவரால் பளிச்சென்று விளங்கியது.

இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள், சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்ப்பது நல்லது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், எலும்பைப் பொறுத்தவரை மாதவிடாய் நின்றது அன்றைக்குத்தான்.

ரேங்க்-எல்லையே பிடித்து முடக்கும் ஊசி இப்போது உண்டு. பெயர் டெனோசுமாப், ஆறு மாதத்துக்கு ஒன்று. எலும்பு முறிவை நன்றாகவே குறைக்கிறது. ஆனால் 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நாமாகவே நிறுத்தினால் ஆபத்து. அடங்கிக் கிடந்த செல்கள் மொத்தமாகக் கிளம்பி, ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் நொறுங்கும் அளவுக்குப் போனதுண்டு. நிறுத்தத்தான் வேண்டுமென்றால், பதிலுக்கு வேறு மருந்தை மருத்துவர் தொடங்கிய பிறகே நிறுத்த வேண்டும்.