லினக்ஸில் ஜப்பானிய எழுத்து: விசைக்கும் திரைக்கும் நடுவே

கொழும்பில் ஜப்பானிய மொழி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஹிரகானா என்ற ஒலியெழுத்தைக் கையால் அழகாக எழுதுவார்கள். அதையே லினக்ஸ் வகையான உபுண்டு போட்ட லப்டொப்பில் அடிக்கச் சொன்னால் திணறிப்போகிறார்கள். செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் 'ஜப்பானீஸ்' என்று இருப்பதைச் சேர்க்கிறார்கள். ஆங்கில எழுத்துத்தான் வருகிறது. போதாததற்கு ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் மின்னஞ்சலுக்குப் போடும் 'அட்' குறி வராமல் மேற்கோள் குறி வந்து நிற்கிறது.

கணினி பழுதில்லை. அவர்கள் சேர்த்தது ஜப்பானில் விற்கும் விசைப்பலகையின் அமைப்பை மட்டும். எந்த விசைக்கு எந்தக் குறி என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். தமிழுக்கு அது போதும். ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் விசையை அழுத்தினால் எழுத்து நேராக வந்துவிடுகிறது. ஜப்பானியத்துக்குப் போதாது. ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46, பிறமொழிச் சொற்களுக்கான கத்தகானாவிலும் அதே 46. இவற்றுக்கு மேல் அன்றாடப் பாவனைக்கென்று அந்நாட்டு அரசு பட்டியலிட்ட கன்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், 2136. இத்தனைக்கும் விசை வைக்க எந்தப் பலகையிலும் இடமில்லை. அதனால் விசைக்கும் திரைக்கும் நடுவே ஒரு மென்பொருள் உட்கார வேண்டியிருக்கிறது.

லினக்ஸில் அந்த இடம் இரண்டு அடுக்காக இருக்கும். விசை அழுத்தத்தை வாங்கிக் கைமாற்றிவிடும் இடைத்தரகர் ஒன்று. உபுண்டுவில் வழக்கமாக அது ஐபஸ். மொழி தெரிந்த பகுதி இன்னொன்று. அதற்கு மொஸ்க் என்று பெயர். கூகுள் தன் ஜப்பானிய உள்ளீட்டு மென்பொருளிலிருந்து 2010இல் திறந்த மூலமாக வெளியிட்டது அது.

மொஸ்க்கின் முதல் வேலை எளிது. கே, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்தையும் அடித்தால் 'க' ஒலிக்குரிய ஹிரகானா, கீழே கோடிட்டபடி வரும். அந்தக் கோடு இருக்கும்வரை எழுத்து இன்னும் ஆவணத்துக்குள் போகவில்லை, மொஸ்க்கின் கையில்தான் இருக்கிறது. 'கொன்னிச்சிவா' என்று வணக்கம் சொல்ல, நடுவில் 'என்' எழுத்தை மூன்று தரம் அடிக்க வேண்டும்: தனி மெய்யொலிக்கு இரண்டு, அடுத்து வரும் 'நி'க்கு ஒன்று. கடைசி 'வா'வை எச், ஏ என்றுதான் அடிக்க வேண்டும். காதில் 'வா' என்று விழுந்தாலும் எழுதுவது 'ஹ' எழுத்தைத்தான்.

இரண்டாவது வேலைதான் அருமையானது. ஸ்பேஸை அழுத்தியதும் ஹிரகானா கன்ஜியாக மாறும். ஆனால் எந்தக் கன்ஜி? 'கிஷா' என்ற ஒரே ஒலிக்குப் புகையிரதம், நிருபர், உங்கள் நிறுவனம், அலுவலகம் திரும்புதல் என்று பல சொற்கள் உண்டு. 'கிஷா நோ கிஷா கா கிஷா தே கிஷா ஷித்தா' என்பது இதற்கென்றே ஜப்பானில் சொல்லும் வாக்கியம்: உங்கள் நிறுவனத்தின் நிருபர் புகையிரதத்தில் அலுவலகம் திரும்பினார். ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடுவதில்லை. ஆகவே எங்கே வெட்டுவது, வெட்டியது எந்தச் சொல் என்ற இரண்டையும் மொஸ்க் ஒரேயடியாகத் தீர்மானிக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பல பஸ் மாறிப் போகலாம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு செலவு, மாறும் இடத்துக்கும் ஒரு செலவு, மொத்தம் குறைந்த வழியே நல்ல வழி. மொஸ்க்கின் கணக்கும் இப்படித்தான். அரிய சொல்லுக்குச் செலவு அதிகம். இலக்கணப்படி ஒட்டாத இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தாலும் செலவு ஏறும். 'ஷித்தா' என்றால் செய்தார். அதற்கு முன்னால் ஒரு செயலின் பெயர் வந்தால்தான் ஒட்டும், ஆகவே கடைசி 'கிஷா' திரும்புதல் என்று தெளிவாகிறது. மற்ற இடங்களில் இலக்கணம் இவ்வளவு கைகொடுக்காது. தவறு என்றால் மறுபடி ஸ்பேஸை அழுத்திப் பட்டியலிலிருந்து நாமே எடுக்க வேண்டும். வெட்டிய இடம் பிழை என்றால் ஷிஃப்டோடு அம்பு விசையை அழுத்தி நகர்த்தலாம். தேர்ந்ததை மொஸ்க் நினைவில் வைத்து அடுத்த முறை முன்னுக்குக் கொண்டுவரும். 1978இல் தோஷிபா அறிவித்த முதல் ஜப்பானியச் சொற்செயலி மேசை அளவு பெரியது, விலை 63 இலட்சம் யென். அது செய்த கன்ஜி மாற்றத்தை இன்று பழைய லப்டொப் ஒன்று இணையம்கூட இல்லாமல் செய்கிறது.

சரி, நிறுவுவது எப்படி? மென்பொருள் களஞ்சியத்தில் 'ஐபஸ்-மொஸ்க்' பொதியைத் தேடி நிறுவுங்கள். பெயரின் பின்பாதி எம், ஓ, இசட், சி. பிறகு கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். அப்புறம் உள்ளீட்டு மூலங்களில் ஜப்பானீஸைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் மொஸ்க் என்று போட்டிருப்பதைச் சேருங்கள். சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸும் மொழியை மாற்றும். இன்னமும் ஆங்கிலமே வந்தால் மொஸ்க் நேரடி உள்ளீட்டு நிலையில் இருக்கும். மேல்பட்டையில் உள்ள அதன் பட்டியலில் ஹிரகானாவைத் தேர்ந்தால் சரி.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் குறை எழுத்துருவில். நோட்டோ என்ற இலவச எழுத்துருத் தொகுப்பின் ஜப்பானிய எழுத்துருவைப் போட்டால் தீரும். ஒரு செயலியில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் அந்தச் செயலி ஐபஸோடு பேசவில்லை என்று பொருள். மொஸ்க்கை அழித்து மறுபடி நிறுவிப் பயனில்லை.

வகுப்பிலோ வீட்டிலோ பலர் பாவிக்கும் கணினி என்றால், ஒருவர் தேர்ந்த சொற்கள் அடுத்தவருக்கும் முன்னால் வரும். ஆளுக்கொரு கணக்கு வைப்பது நல்லது. முடியாவிட்டால் மொஸ்க்கின் அமைப்புகளில் அந்த நினைவை அழிக்கலாம்.