கீழே இறங்கும் முன்: வாட்டர் பார்க் போகும் மலையகக் குடும்பங்களுக்கு

ஆகஸ்ட் லீவில் ஒரு திங்கட்கிழமை. வார்ட்டுக்குள் நுழைந்தபோது மூன்றாவது கட்டிலில் ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி படுத்திருந்தாள். ஒரு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மற்றக் கையில் நீல நிறக் காகிதப் பட்டை. முதல் நாள் பூங்கா வாசலில் கட்டி விட்டது. ஈரத்தில் ஊறி, ஓரம் கிழிந்து, அழுக்காகி இருந்தது. வெட்டி விடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். கையை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள். வாந்தியும் வயிற்றோட்டமுமாக இரவு முழுக்கக் கஷ்டப்பட்ட பிள்ளை, அந்தப் பட்டையை மட்டும் விடவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டுப் போயிருக்கிறாள்.

மலையகத்தில் ஒரு வைத்தியசாலையின் சிறுவர் வார்ட்டில் நான் தாதியாக இருக்கிறேன். பள்ளிக்கூட லீவு வந்தால், ட்ரிப் போய் வந்த பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். பெற்றோரிடம் கேட்டால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். சீட்டுப் பணம் எடுத்து, லயத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, நடுச்சாமத்தில் புறப்பட்டு, பகல் முழுக்கத் தண்ணீரில் ஆடி, அன்று இரவே திரும்பி மலை ஏறியிருப்பார்கள். எந்தப் பூங்கா, டிக்கெட் எவ்வளவு, எந்த வேன் என்பதையெல்லாம் ஒரு மாதமாகப் பேசித் தீர்மானித்திருப்பார்கள். குளிரில் வளர்ந்த பிள்ளையை 1,000 மீற்றருக்கும் அதிகமாகக் கீழே இறக்கிக் கொண்டுபோகிறோம் என்பதை யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த வரையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பாதையைப் பார்ப்போம். ஹங்வெல்லைப் பக்கத்து லெஷர் வேர்ல்டுக்கோ பண்டாரகமவில் உள்ள பேர்ல் பே வாட்டர் பார்க்குக்கோ ஹட்டனிலிருந்து போகிறவர்கள் கினிகத்தேன, கித்துல்கல, யட்டியாந்தோட்டை வழியாக அவிசாவளைக்கு இறங்குவார்கள். தலவாக்கலை, நுவரெலியா என்றால் இன்னும் தூரம். அவிசாவளை வரைக்கும் வளைவுகள்தான். தலைசுற்றி வாந்தி எடுப்பது 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே அதிகம். உட்காதுக்குத் தெரியும் ஆட்டமும் கண்ணுக்குத் தெரியும் காட்சியும் ஒத்துப் போகாததால் வருவது அது. அழாமல் இருக்கட்டும் என்று பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதுதான் வாந்தியைக் கூட்டுகிறது. கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உடம்பு வளைவில் சாய்கிறது. போனை வாங்கி வையுங்கள். பாதை தெரிகிற மாதிரி ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, தூரத்தில் உள்ள மலையைக் காட்டிக் கதை சொல்லுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். அதற்காக முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். பிரேக் அடித்தால் உங்கள் கை பிள்ளையைத் தாங்காது.

புறப்படும் முன் எண்ணெய் ரொட்டியும் பால் டீயும் கொடுக்காதீர்கள். இரண்டு கிரீம் கிராக்கர், கொஞ்சம் தண்ணீர் போதும். வாந்தி மாத்திரை தேவைப்பட்டால் முதலே கிளினிக்கில் கேட்டு, பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவைத் தெரிந்துகொண்டு, பயணத்துக்கு ஒரு மணித்தியாலம் முன் கொடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இந்த மாத்திரைகளில் சிலவற்றை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வேகமாக இறங்கும்போது காது அடைக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சமாளிப்போம், குழந்தைக்கு அது தெரியாது. இறக்கத்தில் காரணமில்லாமல் வீரிட்டு அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்தி, பால் கொடுத்துப் பாருங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். மூக்கடைப்பும் சளியும் இருக்கிற குழந்தைக்கு இந்த வலி கூடுதலாக இருக்கும்.

அப்புறம் சாப்பாடு. அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் கதை சாப்பாட்டுப் பார்சலில்தான் தொடங்கியது. அதிகாலை 2 மணிக்குச் சோறும் கோழிக்கறியும் சமைத்து, சூடு ஆறும் முன்பே பார்சல் கட்டி, வேனின் பின்பக்கம் அடுக்கியிருக்கிறார்கள். பகல் 1 மணிக்குப் பிரித்துச் சாப்பிட்டார்களாம். "எங்க வீட்டுல காலையில ஆக்கின சோறு ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே மிஸ் இருக்கும்" என்று அம்மா கேட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. லயத்துக் குளிரில் அது ஓரளவு தாங்கிவிடுகிறது. அவிசாவளை வெயிலில், மூடிய வேனுக்குள், சூடாகக் கட்டிய சோறு கிருமி வளர்ப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி ஆகிவிடும். சமைத்த சாப்பாடு வெளியில் இரண்டு மணித்தியாலம் இருக்கலாம், கடும் வெக்கையில் ஒரு மணித்தியாலம்தான். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பாண், வாழைப்பழம், பிஸ்கட், தோல் உரிக்காத அவித்த முட்டை கொண்டு போங்கள். முட்டையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பகல் சாப்பாட்டை அங்கேயே சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்பதை முதலே போனில் கேட்டு வைப்பது நல்லது. டிக்கெட் செலவோடு ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துச் சீட்டுப் பணம் எடுங்கள்.

வெயிலைப் பற்றி மலையில் பிறந்தவர்களுக்குப் பெரிய பயம் இல்லை. இங்கே வெயில் அடித்தால் நமக்குச் சந்தோஷம்தானே. ஆனால் கொழும்புப் பக்கத்து வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும், நாம் அதற்குக் கொடுப்பதோ ஒரு பகல். தண்ணீருக்குள் நிற்கிற பிள்ளைக்கு வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு நாலு மிடறு குடிக்க வையுங்கள். பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலில் இருக்கட்டும். சாப்பிடவும் சின்னவர்கள் தூங்கவும் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாத பிள்ளையை, சோர்ந்து ஒரு பக்கம் சாய்கிற பிள்ளையை உடனே கவனியுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழம்பினால் நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 1990-ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

பையில் இரண்டு பக்கற் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள், இருக்கட்டும். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றை ஒரு கிளாஸில் கலப்பதைப் பார்த்திருக்கிறேன், உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஒரே மூச்சில் குடிக்கக் கொடுக்காமல், கரண்டி கரண்டியாக, சில நிமிடம் விட்டு விட்டுக் கொடுங்கள்.

இனி தண்ணீர். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

நம் குடும்பங்கள் குளத்தருகே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா தண்ணீருக்குள் இறங்க மாட்டார். உடுப்புப் பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு கரையில் இருப்பார். அப்பா தன் கூட்டாளிகளோடு பெரிய சறுக்குப் பக்கம் போயிருப்பார். பிள்ளையை அப்பா பார்ப்பார் என்று அம்மாவும், அம்மா பார்ப்பார் என்று அப்பாவும் நினைத்திருப்பார்கள். பத்துப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் யாருமே பார்க்காத பிள்ளை இப்படித்தான் உருவாகிறது. மூழ்கும் பிள்ளை கத்தாது, கையைத் தூக்கி ஆட்டவும் செய்யாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த நொடியில் மூச்சு எடுக்கத்தான் அதற்கு நேரம் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் முடிந்துவிடும்.

ஆகவே பேர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். "இந்தக் கால் மணித்தியாலம் மாமா பார்ப்பார்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அந்த நேரம் அவர் கையில் போன் இல்லாமல் இருக்கட்டும். முடிந்ததும் அடுத்தவரிடம் வாயால் சொல்லி ஒப்படைக்கட்டும். நீந்தத் தெரியாத பிள்ளை எப்போதும் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இடுப்பளவுத் தண்ணீராக இருந்தாலும் சரி. ஊதிக் கையில் மாட்டும் பலூன் விளையாட்டுச் சாமான், அதை உயிர்காப்பு என்று நம்பாதீர்கள். நீலமும் வெள்ளையும் குளத்துத் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். ஒரேஞ்ச், கடும் பிங்க், பச்சை கலந்த மஞ்சள் நிற உடுப்பு வாங்கிக் கொடுங்கள். பருத்திச் சுடிதாரும் ஜீன்ஸும் ஊறினால் பாரம், கால் சிக்கும். பல இடங்களில் நீச்சல் உடுப்பு இல்லாமல் இறங்கவே விட மாட்டார்கள், அதையும் முதலே கேளுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடவே கூடாது. மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதிவிட்டு, நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று உதவி வரும் வரை தொடருங்கள். தண்ணீருக்குள் போய் எழும்பிய பிள்ளை பிறகு விடாமல் இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று வேனில் ஏற்றாதீர்கள். பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

பூங்காவை விட எனக்குப் பயம் தருவது வழியில் உள்ள ஆறு. கித்துல்கலவில் வண்டியை நிறுத்தி "ஒரு குளியல் போட்டுவிட்டுப் போவோம்" என்று யாராவது சொல்வார்கள். களனி கங்கையில் அந்த இடத்துக்கு மேலே லக்சபான தொகுதி மின்நிலையங்கள் இருக்கின்றன. தண்ணீர் திறந்தாலோ மேலே மழை பெய்தாலோ, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலேயே மட்டம் ஏறிவிடும். ஆகஸ்ட் லீவு தென்மேற்குப் பருவமழைக் காலத்துக்குள் வருகிறது. இறங்கவே வேண்டாம். அந்த மாதங்களில் புறப்படும் முன் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117-இல் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளையாட்டு இயந்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று முதல் நாளே அவனிடம் சொல்லிவிட்டால் வாசலில் அழுகை வராது. உயரம் போதாத பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லாதீர்கள், பெல்ட் அந்த உடம்பைப் பிடிக்காது. கோ கார்ட்டில் ஏறும் பெண்கள் ஷாலைக் கழற்றி வைத்து, முடியைக் கொண்டையாக இறுக்கிக் கட்டுங்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்குத்தான் வரும். ஆஸ்துமாப் பிள்ளையின் இன்ஹேலர் லொக்கருக்குள் இருக்கக் கூடாது, பார்த்துக்கொள்பவரின் கையில் இருக்க வேண்டும்.

தொலைந்து போவது பற்றி நம்மவர்கள் தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் வளரும் நாலு வயதுப் பிள்ளைக்குச் சிங்களம் வராது. அங்கே வேலை செய்பவர்களில் பலருக்குத் தமிழ் வராது. பிள்ளை அழுதுகொண்டே சொல்வது அவர்களுக்கு விளங்காது. "மகே நம" என்று பேரைச் சொல்லவும், "மம அம்மாவ ஹொயனவா", அம்மாவைத் தேடுகிறேன் என்று சொல்லவும் ஒரு கிழமைக்கு முன்பிருந்தே பழக்குங்கள். வீட்டில் விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம். கையின் உட்பக்கம் உங்கள் போன் நம்பரைப் பேனையால் எழுதுங்கள், தண்ணீரில் அழிந்தால் திரும்ப எழுதுங்கள். காலையில் உடுப்பு மாற்றியதும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பதற்றத்தில் பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்பது பெற்ற தாய்க்கும் மறந்துபோகும்.

அன்றே போய் அன்றே திரும்புவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. நடுச்சாமத்தில் எழும்பிய டிரைவர் பகலில் வேன் சீட்டில் அரைத்தூக்கம் போட்டுவிட்டு, இரவு பனிமூட்டத்தில் கினிகத்தேன வளைவுகளில் ஏற வேண்டும். பின்னால் 12 பேர் தூங்குகிறார்கள். ஒரு இரவு தங்க முடிந்தால் தங்குங்கள், பெரிய ஹோட்டல் தேவையில்லை, சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையும் போதும். தங்க வழியில்லை என்றால் டிரைவரை முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கவிட்டு, விடிய 4 மணிக்குப் புறப்பட்டு, பின்னேரம் 3 மணிக்கெல்லாம் பூங்காவை விட்டு வெளியேறுங்கள். டிக்கெட் காசு வீண் என்று தோன்றும். பரவாயில்லை. இரண்டு வயதுக் குழந்தையோ நெஞ்சு வருத்தக்காரப் பாட்டியோ கூட வருகிறார்கள் என்றால், இந்த வருடம் நுவரெலியாவில் உள்ள கிரகரி வாவி, விக்டோரியா பூங்காவுக்கோ பேராதனைத் தோட்டத்துக்கோ போய் வரலாம். ஏப்ரல் சீசன் நெரிசலில் மட்டும் நுவரெலியா வேண்டாம்.

ட்ரிப் முடிந்து வந்த பிறகும் இரண்டு கிழமைக்கு ஒரு விஷயத்தை மனதில் வைத்திருங்கள். டெங்கு நுளம்பு கடித்து 4 முதல் 10 நாள் வரையில்தான் காய்ச்சல் வரும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளிர் என்பதால் நம்மவர்கள் டெங்கை நினைப்பதே இல்லை, "தண்ணியில ஆடின காய்ச்சல்" என்று வீட்டில் வைத்திருப்பார்கள். கொழும்பு, கம்பஹா பக்கம் டெங்கு அதிகம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். இபுபுரூபனும் அஸ்பிரினும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கை கால் குளிர்தல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வாருங்கள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், டெங்கில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். ஓபிடியில் டொக்டர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். "போன கிழமை அவிசாவளைப் பக்கம் போய் வந்தோம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஆற்றிலோ வயலிலோ கால் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலும் இருக்கிறதா என்று பார்ப்போம்.